ஈரலிலேயே உண்டான புற்றா, வேறிடத்திலிருந்து பரவியதா? ஐ.ஹெச்.சி. ரிப்போர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் திசுப் பரிசோதனைத் துறையில் வேலை செய்கிறேன். ஆர்.கே.புரம், கரோல் பாக், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பி, "இதில் என்னதான் எழுதியிருக்கிறது?" என்று கேட்பார்கள். அதிகக் குழப்பத்தோடு வருவது ஈரல் ரிப்போர்ட்தான், அதிலும் ஐ.ஹெச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, திசுவில் உள்ள புரதங்களைச் சாயம் ஏற்றிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை) என்ற பகுதி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

ஈரலில் புற்றுக்கட்டி என்றால் அது ஈரல் புற்றுதானே?

இல்லை. பெருங்குடல், இரைப்பை, கணையம் இவற்றிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக நேரே ஈரலுக்குத்தான் போகிறது. அங்கே புற்று இருந்தால், உதிர்ந்த செல்கள் முதலில் தங்கும் இடம் பெரும்பாலும் ஈரல். மார்பகம், நுரையீரல் போன்ற இடங்களிலிருந்தும் வரும். சிர்ரோசிஸ் (ஈரல் சுருங்கித் தழும்பேறுவது) இல்லாத, மற்றபடி நல்ல நிலையில் இருக்கிற ஈரலில் புற்று தெரிந்தால், அது வெளியிலிருந்து வந்ததாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். டாக்டர்கள் 'செகண்டரி' என்பது இதைத்தான். குடியாலோ ஹெபடைடிஸ் பி, சி வைரஸாலோ கொழுப்பு ஈரலாலோ சுருங்கித் தழும்பேறிய ஈரல் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே ஈரல் செல்லிலேயே உண்டாகும் ஹெபடோசெல்லுலர் கார்சினோமா, சுருக்கமாக ஹெச்.சி.சி., முதல் சந்தேகம்.

ஸ்கேனிலேயே தெரியாதா? எதற்கு ஊசி குத்துகிறார்கள்?

பல நேரங்களில் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். சிர்ரோசிஸோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ உள்ளவருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கட்டி இருந்து, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யில் தமனிக் கட்டத்தில் (மருந்து தமனி வழியே ஈரலுக்கு வந்து சேரும் முதல் கட்டத்தில்) பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள ஈரலை விட மங்கிப்போனால், அதை வைத்தே ஹெச்.சி.சி. என்று சொல்லலாம். பயாப்ஸி தேவையில்லை. உடம்பில் இப்படி ஸ்கேனை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்கும் புற்றுகள் மிகக் குறைவு.

ஸ்கேன் அப்படித் தெளிவாக இல்லாதபோதும், ஈரலில் பழைய நோய் எதுவும் இல்லாதபோதும்தான் ஊசி. ஆபரேஷனோ ஈரல் மாற்று சிகிச்சையோ செய்யும் யோசனை இருந்தால், குத்துவதற்கு முன்பே அறுவை சிகிச்சை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊசி போன தடத்தில் புற்றுச் செல் தங்கிவிடும் அபாயம் சிறியது, ஆனால் உண்டு.

ஐ.ஹெச்.சி. என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

ஊசியில் வந்த திசு நூல் மாதிரி மெல்லியது, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். அதை ஃபார்மலினில் போட்டுப் பதப்படுத்தி, மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவி கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, முதலில் வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ஐ.ஹெச்.சி. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சீவலின் மேல் விடுகிறோம். அந்தப் புரதம் இருக்கும் செல்லில் அது ஒட்டும். ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் வருகிற மாதிரி ஒரு வேதிவினை நடத்துகிறோம். மீதி எல்லாம் வெளிர் நீலமாக நிற்கும். ஆன்டிபாடியை அடையாளக் குறியாகப் பயன்படுத்தும் வழியை ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் 1941-இல் ஒளிரும் சாயம் வைத்துக் காட்டினார். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்ட பிறகுதான் இது ஊர் ஊராக லேபுகளுக்கு வந்து சேர்ந்தது.

இதன் அடிப்படை எளிது. தில்லி மெட்ரோவில் யாராவது தமிழ் பேசினால், நாலு வார்த்தையில் திருநெல்வேலியா கோயம்புத்தூரா என்று சொல்லிவிடுகிறோம். செல்லும் அப்படித்தான், எங்கே போனாலும் பிறந்த உறுப்பின் புரதங்களைச் செய்துகொண்டிருக்கும். ரொம்பவும் முற்றிக் குலைந்துபோன புற்று அந்தப் பேச்சை மறந்துவிடும். அப்போதுதான் எங்கள் பாடு கஷ்டம்.

ரிப்போர்ட்டில் ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1, கிளிபிகன்-3 என்று இருக்கிறதே, அவை எதைக் காட்டுகின்றன?

மூன்றும் "இது ஈரல் செல்லா?" என்ற கேள்வியைச் சுற்றி வருபவை. அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது ஈரலின் வேலை. அந்தச் சங்கிலியில் முதல் படியைச் செய்யும் என்சைமைப் பிடிப்பது ஹெப்பார்-1. கடைசிப் படியைச் செய்யும் என்சைம் ஆர்ஜினேஸ்-1. இந்த வேலையை முழுதாகச் செய்வது ஈரல் செல்தான் என்பதால் இரண்டும் நல்ல அடையாளம். முற்றிய ஹெச்.சி.சி.யில் ஹெப்பார்-1 கைவிட்டாலும் ஆர்ஜினேஸ்-1 பெரும்பாலும் நிற்கும். ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் நான் ஆர்ஜினேஸைத்தான் கேட்பேன். இரண்டும் இருந்தால் நிம்மதி.

கிளிபிகன்-3 வேறு வகை. சாதாரண ஈரலில் அது இருக்காது, ஹெச்.சி.சி.யில் வரும். அதனால் "ஈரல் செல்தான், ஆனால் புற்றா இல்லையா?" என்ற இடத்தில் கைகொடுக்கும். ஈரலுக்கு வெளியே மெலனோமா (நிறமிச் செல் புற்று), சில கருச்செல் கட்டிகள் போன்றவற்றிலும் இது பாசிட்டிவ் ஆகும் என்பதால் தனியாக நம்பக்கூடாது. அழற்சி அதிகமாக உள்ள ஈரலிலும் எப்போதாவது தலைகாட்டும்.

பாலிகுளோனல் சி.இ.ஏ., சிடி10 என்றும் இருக்கலாம். ஈரல் செல்களுக்கு நடுவே பித்தம் ஓடும் நுண்கால்வாய்கள் உண்டு. ஈரல் செல் புற்றில் இந்தச் சாயங்கள் அந்தக் கால்வாய்களை மட்டும் கோடு கோடாகக் காட்டும். பெருங்குடல் புற்றில் சி.இ.ஏ. செல் முழுக்கப் பரவலாக ஏறும்.

ஆர்ஜினேஸ் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. அப்படியென்றால் ஹெச்.சி.சி. உறுதிதானே?

இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். 'பாசிட்டிவ்' என்ற சொல் போதாது. எந்தச் செல், செல்லில் எந்த இடம் என்று பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த புற்று ஈரலுக்குள் வளரும்போது ஓரத்தில் உள்ள நல்ல ஈரல் செல்களைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். சிறிய ஊசித் திசுவில், புற்றுக்கு நடுவே சிக்கிய அந்த நல்ல செல்கள் ஆர்ஜினேஸுக்கு அழகாகப் பழுப்பாகும். அவசரமாகப் பார்த்தால் புற்றே பழுப்பாகியிருக்கிற மாதிரி இருக்கும். பழுப்பான செல்லின் நியூக்ளியஸ் சின்னதாக, வட்டமாக, ஒழுங்காக இருந்து, பக்கத்தில் நிறம் ஏறாத செல்லின் நியூக்ளியஸ் பெரிதாக, கோணலாக இருந்தால், புற்று ஆர்ஜினேஸ் நெகட்டிவ். சிக்கிக்கொண்ட ஈரல் செல்தான் பாசிட்டிவ். அதே ஸ்லைடைப் பார்த்துச் சொல்லும் பதில் தலைகீழாகிவிடுகிறது, பாருங்கள்.

இன்னொன்று, ஈரலுக்கே சொந்த நிறங்கள் உண்டு. பித்தம், இரும்புச் சத்துத் துகள், வயதாக வயதாகச் சேரும் லிப்போஃபசின் எல்லாமே பழுப்பு, பொன்னிறம், பச்சை கலந்தவை. சாயத்தின் பழுப்போடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஆன்டிபாடி விடாத ஒரு ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய முறைகளில் பயோட்டின் என்ற வைட்டமினை நம்பி நிறம் வரவழைப்பார்கள். ஈரலில் பயோட்டின் நிறைய இருப்பதால் இல்லாத பாசிட்டிவ் எல்லாம் வரும். இப்போது பெரும்பாலான லேபுகள் பயோட்டின் இல்லாத பாலிமர் முறைக்கு மாறிவிட்டன.

இடம் முக்கியம் என்பதற்கு டிடிஎஃப்-1 நல்ல உதாரணம். அது நுரையீரல், தைராய்டு புற்றுகளின் அடையாளம், நியூக்ளியஸில் ஏற வேண்டும். ஆனால் புழக்கத்தில் உள்ள ஒரு வகை டிடிஎஃப்-1 ஆன்டிபாடி, ஈரல் செல்லின் நியூக்ளியஸை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பகுதியில் பொடிப்பொடியாகப் பழுப்பாகும். அது நுரையீரல் புற்று இல்லை. ஹெப்பார்-1 பிடிக்கும் அதே என்சைமை அந்த ஆன்டிபாடி தவறுதலாகப் பிடிப்பதால் வருவது, இன்னும் சொன்னால் ஈரல் பக்கம் கைகாட்டுவது. ரிப்போர்ட்டில் வெறுமனே "டிடிஎஃப்-1 பாசிட்டிவ்" என்று மட்டும் இருந்தால், நியூக்ளியஸிலா என்று கேளுங்கள்.

கடைசியாக, இரைப்பையில் சில புற்றுகள் ஈரல் செல் மாதிரியே வேஷம் போடும். ஹெப்படாய்டு கார்சினோமா என்று பெயர். ஹெப்பார்-1, சில சமயம் ஆர்ஜினேஸ்கூட பாசிட்டிவ் ஆகும், ரத்தத்தில் ஏ.எஃப்.பி.யும் (ஹெச்.சி.சி.யில் பலருக்கு ஏறும் ஒரு புரதம்) ஏறும். அரிதுதான். ஆனால் சிர்ரோசிஸ் இல்லாதவருக்கு இப்படி வந்தால் ஒரு எண்டோஸ்கோப்பி செய்துவிடுவது நல்லது.

நெகட்டிவ் என்று போட்டிருந்தால் அதை நம்பலாமா?

அதே ஸ்லைடில் ஒரு சாட்சி இருக்க வேண்டும். ஊசித் திசுவில் கொஞ்சம் நல்ல ஈரலும் வந்திருந்தால், அந்தச் செல்களில் ஆர்ஜினேஸ் ஏறியிருக்க வேண்டும். பித்தக்குழாய்களில் சிகே7 என்ற புரதத்தின் சாயம் ஏறியிருக்க வேண்டும். அவையே வெறுமையாக இருந்தால் சாயம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், புற்றின் நெகட்டிவுக்கு மதிப்பில்லை. திசு ஃபார்மலினில் போடத் தாமதமாகியிருந்தாலோ, அதிலேயே நாள்கணக்கில் கிடந்திருந்தாலோ இப்படி ஆகலாம்.

ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல். அப்போது ஈரல் புற்று இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஹெச்.சி.சி. உள்ள பலருக்கு ஏ.எஃப்.பி. நார்மலாகவே இருக்கும். ஹெபடைடிஸ் கிளர்ந்தால் புற்றே இல்லாமலும் கொஞ்சம் ஏறும். ஸ்லைடில் செய்யும் ஏ.எஃப்.பி. சாயம் இன்னும் பலவீனம், பாதிக்கும் குறைவான ஹெச்.சி.சி.யில்தான் வரும்.

சிகே7, சிகே20 என்று ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு போட்டிருக்கிறார்களே?

கெரட்டின் என்ற புரதக் குடும்பத்தில் இரண்டு பேர். சிகே20 பாசிட்டிவ், சிகே7 நெகட்டிவ் என்றால் முதலில் பெருங்குடலை நினைப்போம். கூடவே சிடிஎக்ஸ்2, சாட்பி2 இரண்டும் நியூக்ளியஸில் ஏறினால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. பெருங்குடல் புற்று சாதாரணச் சாயத்திலேயே குழாய் குழாயாக, நடுவில் செத்த செல் குப்பையோடு தெரியும். பழகிய கண் ஐ.ஹெச்.சி.க்கு முன்பே ஊகித்துவிடும். சிகே7, சிகே20 இரண்டும் நெகட்டிவ் என்றால் ஹெச்.சி.சி., சிறுநீரகம், புராஸ்டேட் பக்கம் போவோம். சிகே7 பாசிட்டிவ் என்றால் பட்டியல் நீளம்.

அத்தைக்கு சிகே7 பாசிட்டிவ், அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் வகைப் புற்று). பித்தக்குழாய்ப் புற்றாகவும் இருக்கலாம், பரவியதாகவும் இருக்கலாம் என்கிறார்கள். ஏன் உறுதியாகச் சொல்லவில்லை?

சொல்ல முடியாது என்பதால்தான். லேபின் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். ஈரலுக்குள்ளே ஓடும் பித்தக்குழாயில் உண்டாகும் புற்று, பித்தப்பைப் புற்று, கணையப் புற்று, இரைப்பைப் புற்றில் ஒரு பகுதி, இவை எல்லாம் சிகே7, சிகே19 இரண்டுக்கும் பாசிட்டிவ். பித்தக்குழாய்க்கு மட்டுமே உரிய சாயம் என்று ஒன்று கிடையாது. கணையப் புற்றில் ஏறக்குறைய பாதியில் ஸ்மாட்4 புரதம் காணாமல் போகும், அது ஒரு துப்பு, அவ்வளவுதான். அல்புமின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் ஒரு பரிசோதனை ஈரலுக்குள் சிறு குழாய்களில் உண்டான புற்றைக் காட்டிக்கொடுக்க உதவும். எல்லா இடத்திலும் அது கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஊர் முக்கியம். கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்று அதிகம், தில்லியில் அதை நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம். தென்னிந்தியாவில் அது மிகக் குறைவு. சென்னையில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று முன்வரிசையில் இருக்கிறது. ஒரே ஸ்லைடை வைத்துக்கொண்டு இங்கே ஒருவர் முதலில் பித்தப்பையைப் பாருங்கள் என்பார், சென்னையில் ஒருவர் எண்டோஸ்கோப்பியை முதலில் சொல்வார். இருவரும் சரி. பல வருடமாக இங்கேயே குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இரண்டையும் பார்க்கச் சொல்வேன். பித்தப்பைக் கல் இருந்ததா, பித்தப்பையை எடுத்தபோது அதைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்ற தகவல், கூடுதலாக அஞ்சு சாயம் போடுவதை விடப் பயன்படும்.

மார்பகப் புற்று ஏற்கெனவே இருந்தவர். ஈரலில் புதிதாகக் கட்டி. எதைத் தேடுவீர்கள்?

காட்டா3, டிஆர்பிஎஸ்1. கூடவே ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 மூன்றையும் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட் இருந்தாலும் சரி. மார்பகத்தில் இருந்த நிலை ஈரலுக்கு வந்த செல்லில் மாறியிருக்கலாம், மருந்தும் அதற்கேற்ப மாறும். நுரையீரல் என்றால் டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ. புராஸ்டேட்டுக்கு என்கேஎக்ஸ்3.1. சிறுநீரகத்துக்கு பாக்ஸ்8. சிறுநீரகப் புற்றும் ஒரு வகை ஹெச்.சி.சி.யும் வெளுத்த செல்களோடு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரிவதால், அங்கே பாக்ஸ்8-உம் ஆர்ஜினேஸும் சேர்ந்தே வேண்டும்.

நியூரோ எண்டோகிரைன் கட்டியை (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் உண்டாவது) மறக்கக்கூடாது. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் பாசிட்டிவ் என்றால் கி-67 சதவீதமும் (பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கு) எழுதியிருக்க வேண்டும், கட்டியின் வேகத்தை அதுதான் சொல்லும். ஈரல் முழுக்கப் பரவியிருந்தும் மெதுவாக வளர்ந்து, பல வருடம் நன்றாக இருப்பவர்கள் இந்த வகையில் உண்டு.

இருக்கிற எல்லா மார்க்கரையும் (அடையாளச் சாயங்களையும்) ஒரே தடவையில் செய்துவிட்டால் என்ன?

திசு தீர்ந்துவிடும். ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு சீவல். நூல் மாதிரி திசுவில் எத்தனை சீவல் கிடைக்கும்? மீதி இருந்தால்தான் பித்தக்குழாய்ப் புற்றில் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஹெச்1 மரபணுவையோ, பெருங்குடல் புற்றில் ராஸ் மரபணுவையோ பார்க்க முடியும். அவற்றுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. அதனால் முதலில் நாலைந்து மார்க்கர் போட்டு, வந்த பதிலைப் பார்த்து அடுத்ததைக் கேட்பதுதான் முறை. "இன்னும் ரெண்டு நாள் ஆகும், மேலும் மார்க்கர் போட்டிருக்கிறோம்" என்று லேப் சொன்னால் கோபப்படாதீர்கள். அது நல்ல லேப்.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஈரலுக்கு வந்துவிட்டால் முடிந்ததுதானே?

முடியவில்லை. இந்த எண்ணத்தால் சிகிச்சைக்கே போகாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பொறுக்கவில்லை. பெருங்குடலிலிருந்து ஒன்றிரண்டு கட்டி ஈரலுக்கு வந்தவர்களில் சிலருக்கு அதை வெட்டியெடுத்தே குணப்படுத்துகிறார்கள். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்று) என்று தெரிந்தால் ஆபரேஷன் தேவையே இல்லை, மருந்துக்கு நன்றாகக் கரையும். ஹெச்.சி.சி.க்கு வெட்டியெடுப்பது, மாற்று ஈரல், சூட்டில் பொசுக்குவது, ரத்தக்குழாய் வழியாக மருந்தடைப்பது, முற்றியிருந்தால் நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் என்று தனிப் பாதை. பெருங்குடலுக்குக் கொடுக்கும் கீமோவை ஹெச்.சி.சி.க்குக் கொடுத்தால் பலன் சொற்பம். ஹெச்.சி.சி.க்கான சோராஃபெனிப் மாத்திரைக்கு இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமை இல்லாத நிறுவனமும் தயாரிக்க அரசு தரும் அனுமதி) 2012-இல் வழங்கப்பட்டு, மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைக்க வழி பிறந்தது. கட்டுபடியாகும் மருந்தும் சரியான பெயர் தெரிந்தால்தான் உதவும்.

இரண்டு லேப், இரண்டு பதில். யாரை நம்புவது?

இரண்டு பேரும் ஒரே பிளாக்கைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரே கட்டியில் ஒரு பகுதி ஈரல் செல் மாதிரியும் இன்னொரு பகுதி பித்தக்குழாய் மாதிரியும் இருக்கும் கலப்புப் புற்று உண்டு. ஊசி எங்கே குத்தியதோ அது மட்டும்தான் தெரியும். ஒரே பிளாக் என்றால், ஈரல் நோயியலையே முழு வேலையாகச் செய்யும் மூன்றாவது இடத்தில் மறுபார்வை கேட்கலாம். தில்லியில் எய்ம்ஸ், வசந்த் குஞ்சில் உள்ள ஈரல் மருத்துவமனையான ஐ.எல்.பி.எஸ். போன்ற இடங்களில் அந்த அனுபவம் இருக்கிறது. போகும்போது ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டு, பழைய ஆபரேஷன் ரிப்போர்ட், எண்டோஸ்கோப்பி முடிவு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஸ்லைடை மட்டும் கையில் கொடுத்துவிட்டு "கண்டுபிடியுங்கள்" என்றால் பாதிக் கண்ணைக் கட்டிவிட்டு அனுப்புகிற மாதிரி.

சிகிச்சைக்குச் சென்னைக்கே போகிறோம். பிளாக்கைத் தருவார்களா?

எழுத்தில் கேட்டால் தருவார்கள். ரிப்போர்ட் நகல், சாயம் ஏற்றிய ஸ்லைடுகள், பிளாக் மூன்றையும் கேளுங்கள். பிளாக் எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று கவுன்ட்டரிலேயே நின்று சரிபாருங்கள். ஸ்லைடுக்குப் பிளாஸ்டிக் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், துணியில் சுற்றினால் உடையும். பிளாக் மெழுகு, 56 டிகிரி வாக்கில் உருகும். மே மாத வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ரயிலில் போனாலும் லக்கேஜோடு சீட்டுக்கடியில் தள்ளாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் "எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலவில்லை" என்று எழுதிவிட்டார்கள். இனி என்ன?

அந்த வரிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஈரல் செல் இல்லை, லிம்ஃபோமா இல்லை, மெலனோமா இல்லை, நியூரோ எண்டோகிரைன் இல்லை" என்று வரிசையாக விலக்கியிருந்தால் நிறைய வேலை நடந்திருக்கிறது. புற்றுநோய் டாக்டர் அதை வைத்தே அடுத்து எண்டோஸ்கோப்பியா, கொலோனோஸ்கோப்பியா, பெட் ஸ்கேனா, மேமோகிராமா என்று தீர்மானிப்பார். எல்லாம் செய்தும் பிறப்பிடம் தெரியாமல் போவதும் உண்டு. அதற்கும் தனிச் சிகிச்சை முறை இருக்கிறது. விலக்கிய பட்டியலே இல்லாமல் அந்த ஒரு வரி மட்டும் இருந்தால், பிளாக்கில் திசு மீதம் இருக்கிறதா என்று கேட்டு, மறுபார்வைக்குக் கொடுங்கள்.